இரண்டு பூச்சு வெள்ளை

ஊரில் அதை ஐஸ் கம்பெனி என்றுதான் சொல்வார்கள். வாசலில் 'மக்கள் ஓவியக்கூடமும் பயிற்சிப் பள்ளியும்' என்று ஆளுயரப் பலகை மாட்டியிருந்தும், உள்ளே கடைசி ஐஸ் கட்டி உறைந்து முப்பத்திரண்டு வருஷமாகியும் பேர் மாறவில்லை. "எங்க கிளம்பிட்டே?" என்றால் "ஐஸ் கம்பெனிக்கு, படம் போட" என்பார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள்.

மீன்பிடிப் படகுகள் ஆழமான வேறொரு துறைக்கு மாறிப் போனபோது கம்பெனியை மூடினார்கள். முதலாளி இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போனார். கட்டடத்தைக் கேட்க ஆள் வரவில்லை. இரட்டைச் சுவர், நடுவில் ஒரு முழம் அகலத்துக்கு மரத்தூள் அடைத்தது. எந்த வெயிலுக்கும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். மற்றபடி எதற்கும் உதவாது. ஊருக்கே எழுதிக் கொடுத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

அங்கே மீன் பெட்டி அடித்துக்கொண்டிருந்த தச்சருக்கும் அன்றோடு வேலை போயிற்று. அவர் சும்மா வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு மதியம், பள்ளிக்கூடத்து டிராயிங் டீச்சர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, குவிந்து கிடந்த பெட்டிப் பலகைகளைக் காட்டி, இதில் படம் வரைகிற ஸ்டாண்டு பதினொன்று செய்ய முடியுமா என்று கேட்டாள். யாருக்கு என்றார். வேலை முடிந்து வருகிறவர்களுக்குச் சாயங்காலம் படம் சொல்லித்தரப் போவதாகச் சொன்னாள். வேலை முடிந்து வருகிறவனுக்குத் தூக்கம்தானே வேண்டும் என்று நினைத்தார். ஸ்டாண்டு செய்து கொடுத்தார். பதினொன்றுக்கும் ஆள் வந்தது. அந்த வருஷமே இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

அன்றிலிருந்து அவர் சட்டக்காரர். படங்களுக்குச் சட்டம் போடுவது, கண்ணாடி வெட்டுவது, ஆணி அடிப்பது, குழாய் ஒழுகினால் பார்ப்பது எல்லாம் அவர்தான். ஸ்கேல் இல்லாமல் அவருக்கு ஒரு நேர்கோடு வராது. "எனக்குப் படத்தோட ஓரம் மட்டுந்தான் தெரியும், உள்ள என்ன இருக்குன்னு டீச்சரைக் கேளுங்க" என்பார். ஊர் மொத்தமும் கூப்பிடுவதுபோல அவரும் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார், வீட்டிலும். "டீச்சர், நீ சாப்பிட்டியா?" என்று அவர் கேட்பதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள்.

பஸ் டிரைவர் வந்தார், முடிவெட்டுகிறவர் வந்தார், ஆஸ்பத்திரி நர்ஸ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், துணி வெளுக்கிற இடத்துப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். ஒரே ஒரு விதிதான். படித்து முடித்துப் போகிறவர்கள் ஒரு படத்தை விட்டுவிட்டுப் போக வேண்டும். எந்தப் படம் என்று போகிறவர்தான் தீர்மானிப்பார், டீச்சர் தலையிட மாட்டாள். நல்ல படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மோசமானதை விட்டுப் போனவர்களும் உண்டு. எல்லாவற்றையும் சட்டக்காரர் ஒரே மாதிரிச் சட்டம் போட்டு மாட்டினார். எண்ணூற்று எழுபது படங்கள் அப்படிச் சேர்ந்தன.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. யாராவது அதைப் பற்றி விசாரித்தால், சனிக்கிழமை காலையில் வந்து எண்ணிப் பாருங்கள் என்பாள் டீச்சர். சனிக்கிழமைகளில் வடக்கு அறையில் சிறுபிள்ளைகளுக்கு வகுப்பு.

அந்த வகுப்பில் சில்லு என்று ஒரு பெண் இருந்தாள். ஒன்பது வயது. ஆள் பொடிசு, அதனால் அந்தப் பேர். அவளுடைய அம்மா யூனிஃபார்ம் தைக்கிற ஃபாக்டரியில் காலர் தைப்பவள். ஒல்லி உடம்பும் சுருக்கென்று குத்துகிற வாயுமாக இருந்ததால் ஊசி என்று அழைத்தார்கள். பத்தொன்பது வயதில் படம் கற்க வந்தவள், கூடத்தை விட்டுப் போகவே இல்லை. கப்பல் வேலைக்குப் போன புருஷன் போனவன் போனவன்தான். விடுமுறை நாளில் வந்து கூடத்தைப் பெருக்குவாள், படங்களைத் துடைப்பாள், டீச்சரோடு உட்கார்ந்து டீ குடிப்பாள். டீச்சருக்கு அவள் தங்கையா மகளா என்று கேட்டால் இரண்டு பேருக்குமே சொல்லத் தெரியாது.

அந்த வருஷம் மூன்று வாரம் விடாமல் மழை பெய்தது. ஆண்டுக் கண்காட்சிக்கு நாலு நாள் இருக்கும்போது, வடக்கு அறையின் மேற்கூரையில் ஒரு கறையைச் சட்டக்காரர் பார்த்தார். சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். டீ கொட்டி உலர்ந்ததுபோல நடுவில் வெளிறி, விளிம்பு கறுத்திருந்தது. டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் அண்ணாந்து பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள், இப்போதைக்கு ஏதாவது செய்யுங்கள், அடுத்த வாரம் கொத்தனாரைக் கூப்பிடலாம் என்றாள். மழைக்கு ஒழுகாத கூரை எது என்று அவருக்கும் தோன்றியது. அன்று சாயங்காலமே ஏணி போட்டு இரண்டு பூச்சு வெள்ளையடித்தார். ஊசி ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கண்காட்சி நன்றாக நடந்தது. கொத்தனார் ஊரில் இல்லை. வந்த பிறகு, மழை முழுசாக விடட்டும், ஈரத்தில் கைவைத்தால் நிற்காது என்றார். அப்புறம் ஒருநாள், அப்புறம் இன்னொரு நாள் என்று தள்ளிக்கொண்டே போனது. கறை மறுபடி தெரியவில்லை. தெரிந்திருந்தால் நினைவு வந்திருக்கும்.

நாற்பது நாள் கழித்து ஒரு சனிக்கிழமை, காலை பதினோரு மணி. இரவெல்லாம் மழை பெய்து அப்போதுதான் வெயில் அடித்தது. எதிர்க் கட்டடத்தின் தகரக் கூரை நனைந்து மின்னியது. தகரத்தில் எத்தனை நிறம் தெரிகிறது என்று பார்க்கச் சொல்லி டீச்சர் பிள்ளைகளை ஜன்னலுக்குக் கூப்பிட்டாள். பத்துப் பேர் ஓடினார்கள். சில்லு மட்டும் எழுந்திருக்கவில்லை. இதை முடித்துவிட்டு வருகிறேன் என்றாள். டீச்சர் சரி என்றாள்.

சட்டக்காரர் பின்கட்டில் ஒரு சட்டத்தின் மூலையை அறுத்துக்கொண்டிருந்தார். லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போலச் சத்தம் கேட்டது. ரோடு வேலை என்று நினைத்து இன்னும் நாலு இழுப்பு இழுத்தார். பிறகு பிள்ளைகள் அலறுவது கேட்டது.

உத்திரத்தின் ஒரு முனை சுவரிலிருந்து கழன்று, காரையும் மரச்சட்டமுமாகப் பாதிக் கூரை கீழே கிடந்தது. சுவரில் விழுந்த ஓட்டையிலிருந்து கறுத்து ஊறிப்போன மரத்தூள் சோறு வடிப்பதுபோலக் கொழகொழவென்று சரிந்துகொண்டிருந்தது. அவர் வெறுங்கையால் அள்ளி அள்ளிப் பின்னால் எறிந்தார். டீச்சர் பக்கத்தில் மண்டியிட்டு அள்ளினாள்.

சில்லு ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். ஃபாக்டரியிலிருந்து அப்படியே ஓடிவந்த ஊசியின் தோளில் நீல நூல் ஒன்று ஒட்டியிருந்தது. இரண்டு நாளும் அது அங்கேயே இருந்தது. எடுத்துவிட வேண்டும் என்று சட்டக்காரருக்குப் பலமுறை தோன்றியது. கை நீளவில்லை. மூன்றாம் நாள் விடிகாலையில் எல்லாம் முடிந்துபோயிற்று.

ஊர் அவர்களை வையவில்லை. வைதிருந்தால் தேவலை. வந்தவர்கள் எல்லாம் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, பழைய கட்டடம், நீங்கள் என்ன செய்வீர்கள் என்றார்கள். ரொட்டியும் பழமும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். அதைச் சாப்பிட முடியாமல் சட்டக்காரர் காக்காய்க்குப் போட்டார்.

ஒன்பதாம் நாள் மாநகராட்சியிலிருந்து என்ஜினியர் வந்தார். நாற்பது வயது இருக்கும். சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தது. எல்லாவற்றையும் அளந்தார், படம் எடுத்தார், மரத்தூளை ஒரு பையில் போட்டுக்கொண்டார். பிறகு முன்னறையில் உட்கார்ந்து கேட்டார்.

"இதுக்கு முன்னாடி அந்தக் கூரையில கசிவு, கறை ஏதாவது பார்த்தீங்களா?"

சட்டக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அதற்குள் டீச்சர் சொன்னாள்.

"இல்ல."

என்ஜினியர் எழுதிக்கொண்டார். நிமிர்ந்து சட்டக்காரரைப் பார்த்தார். சட்டக்காரர் மேசையின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் இல்லை என்றே எடுத்துக்கொண்டார்.

அங்கிருந்து ஊசி வீட்டுக்குப் போய் அவளிடமும் கேட்டார். அவளும் பார்க்கவில்லை என்றாளாம். இது சட்டக்காரர் காதுக்கும் வந்தது. ஏணியைப் பிடித்தவள், ஏன் அப்படிச் சொன்னாள்?

அறிக்கை வந்தது. கட்டடத்தின் வயதும் தொடர்மழையும் காரணம், யாருடைய கவனக்குறைவும் இல்லை. கட்டடம் பயன்பாட்டுக்கு லாயக்கில்லை, ஆறு மாதத்துக்குள் இடித்துவிட வேண்டும்.

கூடத்துக்கு எதிரே இரண்டு அறை வீட்டில்தான் அவர்கள் இருந்தார்கள். டீச்சர் காலையில் எழுந்து, சுத்தமாக இருக்கிற பிரஷ்களை எடுத்து வாளித் தண்ணீரில் கழுவுவாள். வெயிலில் வரிசையாக வைப்பாள். சாயங்காலம் எடுத்து உள்ளே வைப்பாள். மறுநாள் மறுபடி கழுவுவாள். சட்டக்காரர் சோறு வடித்து, முட்டை வேகவைத்துத் தட்டில் வைப்பார். பாதி சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்பாள். முன்பெல்லாம் அவர் சமையலில் குற்றம் கண்டுபிடிக்காமல் அவள் கை கழுவினதில்லை. "உப்பு போட்டீங்களா, இல்ல உப்பு டப்பாவைக் காட்டினீங்களா?" என்பாள். இப்போது அவர் வேண்டுமென்றே உப்பைக் குறைத்துப் பார்த்தார். அதற்கும் நன்றாக இருக்கிறது என்றாள்.

தலைநகரத்துப் பெரிய அருங்காட்சியகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு எண்ணூற்று எழுபது படங்களையும் மூன்று நாளில் பார்த்துப் பதினான்கைத் தேர்ந்தெடுத்தார்கள். பக்கத்தில் மாட்டுவதற்குக் கூடத்தின் வரலாற்றை ஒரு பக்கத்துக்கு எழுதித் தர வேண்டும் என்றார்கள். போகும்போது, இருவரில் இளையவர் தயங்கித் தயங்கி, அந்தப் பெண் கடைசியாக வரைந்துகொண்டிருந்த படம் கிடைக்குமா என்று கேட்டார். டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அப்படி ஒன்று இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அது சட்டக்காரரின் பட்டறை மேசை டிராயரில் இருந்தது. அவளுக்கும் தெரியும்.

மீதிப் படங்களைப் போட்டவர்களிடமே திருப்பிக் கொடுப்பது என்று முடிவாயிற்று. சட்டக்காரர் தள்ளுவண்டியில் போர்வை விரித்து, படங்களை அடுக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போனார். முதல் நாள், கொடுக்கப் போகிறோம் என்ற நினைப்பே கொஞ்சம் தெம்பாக இருந்தது. மூன்றாம் நாள் அது போய்விட்டது.

முடிவெட்டுகிறவர் தன் படத்தைக் கையில் வாங்கிக் கடையைச் சுற்றிப் பார்த்தார். எங்கே பார்த்தாலும் கண்ணாடி. கடைசியில் கதவுக்குப் பின்னால் தலைகீழாகச் சாய்த்துவைத்தார். பஸ் டிரைவர் தன் சீட்டிலிருந்து தெரிகிற ரோட்டை ஸ்டீயரிங்கோடு வரைந்திருந்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, இந்த ரோட்டில் இப்போது பஸ்ஸே போகிறதில்லை என்றார். வைத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கிரேன் ஓட்டினவர் ஆணியை நெம்பிக் கண்ணாடியை மட்டும் கழற்றிக்கொண்டார். "கண்ணாடி நல்லா இருக்குங்க" என்றார், புகழ்வதாக நினைத்து.

நர்ஸ் இறந்து ஆறு வருஷமாகியிருந்தது. அவளுடைய மகன் கதவைத் திறந்தான்.

"எங்கம்மா படம் போடுவாங்களா?"

சட்டக்காரர் படத்தைத் திருப்பிக் காட்டினார். ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில், ஆள் இல்லாதது, தலையணை நடுவில் பள்ளம். அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எங்கம்மாவா போட்டாங்க இதை?" என்று மறுபடி கேட்டான். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, காலிக் கட்டில் படத்தை மாட்ட முடியாது, தப்பாக நினைக்காதீர்கள் என்றான்.

அதை வண்டியில் திரும்ப வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தபோது சட்டக்காரர் நேரே வீட்டுக்குப் போகவில்லை. வண்டியை மாநகராட்சி அலுவலக வாசலில் நிறுத்திவிட்டு மாடியேறினார்.

என்ஜினியருக்குச் சளி விட்டிருந்தது. அடையாளம் தெரிந்து, எழுந்து நின்று உட்காரச் சொன்னார். சட்டக்காரர் உட்காரவில்லை. கறை இருந்தது, நான் பார்த்தேன், நான்தான் வெள்ளையடித்து மறைத்தேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். யாரையும் சேர்த்துச் சொல்லவில்லை. என்ஜினியர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஐயா, உட்காருங்க. நான் சொல்றதைக் கேளுங்க. அந்தச் சுவருக்குள்ள மரத்தூள் பல வருஷமா தண்ணியக் குடிச்சுக்கிட்டு இருந்திருக்கு. உத்திரத்தோட முனை உள்ளுக்குள்ளயே மக்கிப் போச்சு. வெளிய இருந்து பார்த்தா யாருக்கும் தெரியாது. நீங்க வெள்ளையடிச்சதால அது விழல. அடிக்காம இருந்தாலும் விழுந்திருக்கும்."

"அது புரியுதுங்க. அந்தக் கறையை நீங்க வந்து பார்த்திருந்தா?"

என்ஜினியர் பேனாவை மூடினார், திறந்தார்.

"பார்த்திருந்தா ஏறித் தட்டிப் பார்த்திருப்போம்."

"தட்டியிருந்தா?"

"சத்தத்துலயே தெரிஞ்சிருக்கும்" என்றார்.

அறிக்கை மேலே போய்விட்டது, அதை இனித் திருப்பிக் கொண்டுவந்தால் இந்த வயதில் உங்களுக்கும் அலைச்சல், பிள்ளையைப் பறிகொடுத்த அந்த அம்மாவுக்கும் மறுபடி முதலிலிருந்து ரணம் என்றெல்லாம் பக்குவமாக எடுத்துச் சொன்னார். வாசல்வரை கூடவே வந்து வழியனுப்பினார். தண்டனை கேட்டுப் போனவரை விருந்தாளியைப்போல நடத்தி அனுப்பிவிட்டார்கள். சட்டக்காரர் வண்டியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் வெகுநேரம் நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் டீச்சரிடம் சொன்னார். அவள் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"உன் பேரை நான் சொல்லல, டீச்சர்."

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் அன்னிக்கு அப்படிச் சொன்னே? நான் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்."

அவள் ஒரு பிரஷ்ஷின் மயிரை விரலால் நீவி, கூராக்கி, வெயிலில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"அவர் கேட்டதும் எனக்குக் கூடந்தான் ஞாபகம் வந்துச்சு. ஒரு கறையைச் சொல்லிட்டா முப்பத்திரண்டு வருஷமும் அந்தக் கறையாப் போயிடுமேன்னு பயந்துட்டேன். இல்லன்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம்தாங்க சில்லு ஞாபகமே வந்துச்சு. முதல்ல அவ வரல." கொஞ்சம் நிறுத்தி, "ஒன்பது நாள்தான் ஆகியிருந்துச்சு" என்றாள்.

அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். வாளியில் கையை விட்டு ஒரு பிரஷ்ஷை எடுத்தார். அவருக்கு அதைக் கழுவத் தெரியாது. தண்ணீருக்குள் சும்மா பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் பட்டறை டிராயரைத் திறந்து அந்தப் படத்தை எடுத்து, பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு ஊசி வீட்டுக்குப் போனார். சம்பவத்துக்குப் பிறகு அவளைத் தனியாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள் என்று கேள்விப்பட்டிருந்தார். ஒற்றை அறை. தையல் மெஷின்மேல் துணி போர்த்தியிருந்தது. கட்டிலுக்கடியில் சின்னச் செருப்பு ஒரு ஜோடி தெரிந்தது. வேறு பக்கம் பார்த்தார்.

"வாங்கண்ணே" என்றாள். டீ போட்டாள். முன்பே ஒல்லி, இப்போது பாதியாயிருந்தாள். டீச்சர் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். இருக்கிறாள் என்றார்.

காகிதத்தைப் பிரித்தாள். ஒரு மேசை, அதன்மேல் ஒரு தண்ணீர் ஜாடி, ஜாடியில் நாலைந்து பிரஷ். தாளின் ஒரு ஓரம் ஈரம் பட்டுச் சுருங்கியிருந்தது.

"மேசைக்கு மூணு காலுதான் போட்டிருக்கா" என்றாள் ஊசி. விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். "அந்த நாலாவது காலுக்காகத்தான் உட்கார்ந்திருக்கா."

சட்டக்காரர் தான் வந்த காரியத்தைச் சொல்ல ஆரம்பித்தார். கறையைப் பற்றி நீ என்ஜினியரிடம் சொல்லியிருக்க வேண்டும், இப்போதும் எழுதிக் கொடுக்கலாம், நானே கூட வந்து கையெழுத்துப் போடுகிறேன், எனக்காகவும் டீச்சருக்காகவும் பார்க்காதே என்றார். அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்களுக்காக நான் மறைச்சேன்னா நெனச்சீங்க?"

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏணியப் பிடிச்சது நான். நீங்க ஒரு பூச்சு அடிச்சிட்டுப் போதுமான்னு கேட்டீங்க. இல்லண்ணே, இந்த ஓரத்துல இன்னும் தெரியுது, அங்க கொஞ்சம் அடிங்கன்னு கை நீட்டிக் காமிச்சேன். ரெண்டாவது பூச்சு நான் சொல்லித்தான் அடிச்சீங்க. முடிஞ்சதும் இறங்கி வந்து பார்த்துட்டு, உன் கண்ணு கண்ணுதான்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

அவருக்கு அது சுத்தமாக நினைவில்லை.

"நானும் சிரிச்சேன். அவ அப்ப அந்த ரூம்லதான் இருந்தா, கீழ உட்கார்ந்து க்ரயான் பொறுக்கிக்கிட்டு." படத்தை மெதுவாகத் திரும்பச் சுற்றினாள். "அதை நான் யார்கிட்ட எழுதிக் கொடுக்கறது, சொல்லுங்க."

ஊசி, அது உன் தப்பில்லை, நீ எனக்கு உதவத்தானே நின்றாய், முடிவு எடுத்தது நாங்கள் என்று சட்டக்காரர் என்னென்னமோ சொன்னார். தனக்கு மற்றவர்கள் சொன்ன அதே வார்த்தைகளைத்தான் தானும் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று பாதியில் உறைத்தது. நிறுத்திக்கொண்டார். டீயின்மேல் ஆடை படிந்துவிட்டது.

அவர் எழுந்தபோது அவள் வாசல்வரை வந்தாள்.

"அண்ணே, இனிமே வராதீங்க. கோபமில்ல. ஃபாக்டரியில யாருக்கும் கறையப் பத்தி ஒண்ணும் தெரியாது, அங்க இருந்தா கை பாட்டுக்கு காலர் தைக்குது. உங்களையோ டீச்சரையோ பார்த்தா ஏணி ஞாபகம் வருது. டீச்சர்கிட்டயும் சொல்லிடுங்க."

"சரிம்மா" என்றார்.

வீட்டில் அதை அப்படியே சொன்னார். டீச்சர் கேட்டுக்கொண்டாள். அன்று பிரஷ்களை வெயிலிலிருந்து எடுக்கவில்லை. மேசையில் உட்கார்ந்து, தலைநகரத்துக்காரர்கள் கேட்டிருந்த ஒரு பக்கத்தை எழுத ஆரம்பித்தாள். நாலு நாள் எழுதினாள், கிழித்தாள். ஐந்தாம் நாள் அவரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினாள். படகு போனது, கம்பெனி மூடியது, பதினொரு ஸ்டாண்டு, எண்ணூற்று எழுபது படங்கள் எல்லாம் இரண்டு பத்தியில் முடிந்துவிட்டன. மீதி முழுக்க அந்தக் கறை. எந்த அறையில், எந்த அளவில் இருந்தது, யார் பார்த்தார்கள், கண்காட்சிக்காக யார் மறைக்கச் சொன்னார்கள், கேட்டபோது யார் இல்லை என்றார்கள், யார் சும்மா இருந்தார்கள், நாற்பதாம் நாள் கூரை விழுந்து யார் இறந்துபோனாள். தன்னையும் அவரையும் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தாள்.

"ஏணி?" என்று கேட்டார்.

"அதை எழுதல. சுவத்துல சாய்ச்சு வெச்சீங்க. தானா நின்னுச்சு."

அவர் தலையாட்டினார். கவரில் போட்டு ஒட்டிக் கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தார். அன்று ராத்திரி டீச்சர் சோற்றில் உப்பில்லை என்றாள்.

அடுத்த மாதம் கட்டடத்தை இடித்தார்கள். இரட்டைச் சுவரை உடைக்க மூன்று நாள் ஆயிற்று. மரத்தூள் தெருவெல்லாம் பறந்து வீட்டுக்குள் வந்து விழுந்தது. யாரும் வாங்கிக்கொள்ளாத இருநூற்றுச் சொச்சம் படங்களை இரண்டு அறைகளிலும் சுவரோரம் அடுக்கிவைத்திருந்தார்கள். கட்டிலுக்குப் போகவே ஒருக்களித்து நடக்க வேண்டியிருந்தது. மழைக்காலம் திரும்ப வந்தபோது தலைநகரத்திலிருந்து அழைப்பு வந்தது. பதினான்கு படங்களையும் மாட்டியிருக்கிறோம், வந்து பாருங்கள் என்றார்கள்.

ஆறு மணி நேரம் பஸ்ஸில் போனார்கள். டீச்சர் நல்ல புடவை கட்டியிருந்தாள். நீளமான, குளிரூட்டிய ஹால். சட்டக்காரரின் சட்டங்களைக் கழற்றிவிட்டுக் கறுப்பில் மெல்லிய சட்டங்கள் போட்டிருந்தார்கள். படங்கள் அழகாக இருந்தன. முன்பு எப்போதும் இவ்வளவு அழகாக இருந்ததில்லை. மூலை இணைப்பைத் தடவிப் பார்த்து, நல்ல வேலை என்று அவர் மனதுக்குள் ஒப்புக்கொண்டார்.

ஹாலின் கோடியில் ஒரு வெள்ளைப் பலகையில் அந்த வரலாறு இருந்தது. டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டத்தில் போனாள். படகு போனது, கம்பெனி மூடியது, பதினொரு ஸ்டாண்டு, எண்ணூற்று எழுபது படங்கள் எல்லாம் அவள் எழுதின வார்த்தையிலேயே இருந்தன. கடைசியில் ஒரு வரி. 'கட்டடம் மிகவும் பழுதடைந்ததை அடுத்து இக்கூடம் மூடப்பட்டது.' அவ்வளவுதான். கீழே அவளுடைய கையெழுத்தை அப்படியே படமெடுத்துப் போட்டிருந்தார்கள்.

அவள் முதலிலிருந்து மறுபடி படித்தாள். சட்டக்காரர் பக்கத்தில் நின்றார். ஒரு கணவனும் மனைவியும் வந்து, அதைப் படித்து, பாவம், நன்றாக நடந்த இடம்போல என்று பேசிக்கொண்டு நகர்ந்தார்கள்.

மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த காவல் பெண், இந்த அம்மாள் இத்தனை நேரம் அசையாமல் நிற்பதைப் பார்த்து எழுந்து வந்தாள். சின்ன வயது, புது யூனிஃபார்ம், காலர் இன்னும் மடங்கிப் பழகவில்லை.

"என்னம்மா, ஏதாவது வேணுமா?"

"இது தப்பு" என்றாள் டீச்சர்.

அந்தப் பெண்ணுக்குப் பதற்றமாகிவிட்டது. பலகையை உற்றுப் பார்த்தாள். "எழுத்துப் பிழைங்களா? எங்கன்னு சொல்லுங்கம்மா. குறிச்சுக்கிட்டுப் போய் ஆபீஸ்ல சொன்னா மாத்திடுவாங்க" என்று பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள்.

டீச்சர் அந்தக் கடைசி வரியை இன்னொரு தரம் படித்தாள். கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டாள்.

"இல்லம்மா. எழுத்துப் பிழை ஒண்ணும் இல்ல."

சட்டக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே மழை பிடித்திருந்தது. இருவரும் படியில் நின்று குடையை விரித்தார்கள்.